உப்புக் கரித்த ஈரம்

தேவராசா யாரையும் நம்பாதவர் என்று சொன்னால் அது அவருக்குச் செய்யும் அநியாயம். அவர் ஆட்களை நம்புவார். நம்புவதற்கு முன்னால் ஒருதரம் சரிபார்ப்பார், நம்பிய பிறகு இன்னும் இரண்டுதரம் சரிபார்ப்பார், அவ்வளவுதான். பால் போத்தலின் திகதியைக் கடையிலும் பார்ப்பார், வீட்டுக்கு வந்த பின்னும் பார்ப்பார். மருந்துக் கடைக்காரர் மாத்திரையை மாற்றித் தந்திருப்பாரோ என்று மாதந்தோறும் பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் மேசையில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். இருபத்திரண்டு வருடம் லண்டன் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனிதர் வேறு எப்படி இருப்பார்? ஒருவனின் பிடரியைப் பார்த்தே இவன் காசு கட்டினவனோ இல்லையோ என்று சொல்லிவிடுவேன் என்பார். பிடரியில் அப்படி என்ன எழுதியிருக்கும் என்று மனைவி கமலாம்பிகை கேட்டால், "அது அனுபவம்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

அந்தத் தொழிலில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. சந்தேகப்பட்ட ஆளை முதலில் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் பொய்யைத் தயார்ப்படுத்திவிடுவான். பக்கத்து இருக்கையில் இருக்கும் அவனுடைய கூட்டாளியைத்தான் முதலில் கேட்கவேண்டும், அந்தக் கூட்டாளியின் முகத்தில் வருவதுதான் உண்மை. இந்த முறையால் நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்ததாகச் சொல்வார். சொல்லாத ஒன்று, அந்த முறையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார் என்பது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய சிநேகிதிகளில் ஒருத்தியும் அந்த வீட்டுப் படி ஏற விரும்பியதில்லை.

வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு அவருக்கு வாய்த்தது ஒரு கார். ஃபாரஸ்ட் கேட் பகுதியில் அவர்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி, ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் வாசலில், 1961ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று பாசி பிடித்துக் கிடந்தது. முதியோர் இல்லத்துக்குப் போகிற கிழமை, தினமும் அதை நின்று பார்த்துவிட்டுப் போகும் தேவராசாவைக் கிழவி கூப்பிட்டு, நீயே கொண்டுபோ என்று சொல்லிவிட்டாள். இதில் ஏதும் சூது இருக்குமோ என்று மூன்று நாள் யோசித்தார். பிறகு பத்திரங்களை இரண்டுதரம் வாசித்துவிட்டு, பஸ்தியாம்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

பஸ்தியாம்பிள்ளை மன்னார்க்காரர், தேவராசாவைவிட ஐந்து வயது மூத்தவர். எண்பத்தேழாம் ஆண்டு ஈஸ்ட் ஹாமில் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்த காலத்தில், தேவராசா நிமோனியாவில் கிடந்தபோது, வேலைக்குப் போகாமல் எட்டு நாள் பக்கத்தில் இருந்து கஞ்சி பருக்கியவர். அந்த அறையைவிட்டு ஆளுக்கொரு பக்கம் போன பின்னும் இவர்கள் இருவருக்கும் நடுவில் எதுவும் வந்ததில்லை. இங்கே பொங்கினால் அங்கே ஒரு சட்டி போகும், நத்தார்ப் பண்டிகைக்கு அங்கேயிருந்து பஸ்தியாம்பிள்ளையின் மனைவி பியற்றிஸ் செய்த கேக் வரும்.

இடிபட்ட கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதுதான் பஸ்தியாம்பிள்ளையின் வாழ்நாள் வேலை. மொறிஸைக் குனிந்து பார்த்தவர், "மேலுக்கு வடிவாத்தான் இருக்கு. கீழை ஒண்டும் இல்லை," என்றார். மெய்தான். தரைத் தகரத்தில் விரலை ஊன்றினால் விரல் மறுபக்கம் வந்தது. நாலு வருடம், சனிக்கிழமை தவறாமல், குளிர்ந்த சீமெந்தில் மல்லாந்து படுத்து, துருப்பிடித்த தரையைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்துக் காஸ் நெருப்பால் ஒட்டினார். ஒட்டும்போது பொறி விழுந்து சுட்ட தழும்பு அவருடைய கழுத்தில் இன்னும் இருக்கிறது. கார் தேவராசாவுடையது, தரை பஸ்தியாம்பிள்ளையுடையது என்று இரண்டு வீட்டிலும் பகிடியாகச் சொல்வார்கள். பகிடி என்றாலும் அதில் பொய் இல்லை.

ரயில் பாதைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் பன்னிரண்டு கராஜ்களில் ஏழாவது அந்தக் காருடையது. மின்சாரம் கிடையாது. பூட்டுக்குத் திறப்பு இரண்டு: ஒன்று தேவராசாவின் காற்சட்டைப் பைக்குள், மற்றது பஸ்தியாம்பிள்ளையின் திறப்புக் கோர்வையில். அந்த இரண்டாவது திறப்பைக் கொடுக்கும்போது மட்டும் தேவராசா எதையும் சரிபார்க்கவில்லை. அவருடைய வாழ்க்கையில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

லண்டன் குளிர்காலத்தில் பழைய காரைத் தின்பது குளிர் அல்ல, ஈரம். வருடாவருடம் ஒக்டோபர் கடைசியில், வெயில் எறிக்கும் ஒரு நாளாகப் பார்த்து, இருவருமாகக் காரை வெளியே எடுப்பார்கள். ஐந்து நிமிடம் எஞ்சினை முறுக்கிவிட்டு நிறுத்துவது பஸ்தியாம்பிள்ளைக்குக் கண்ணில் காட்டக் கூடாத காரியம். "ஓடுறதெண்டால் அரைமணித்தியாலம் ஓடு, புகைக்குழாய்க்குள்ளை கிடக்கிற தண்ணி காயட்டும். இல்லாட்டித் தொடாதை," என்பார். திரும்பி வந்து கழுவித் துடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, பெற்றோல் தாங்கியை விளிம்புவரை நிரப்புவார்கள். வெறுமையாக விட்டால் தாங்கியின் உள்பக்கம் வியர்க்கும். கண்ணாடிகளை ஒரு விரற்கடை இறக்கிவிட்டு, பற்றரியைக் கழற்றித் தேவராசா வீட்டுக்குக் கொண்டுபோவார். கீழே தடித்த பிளாஸ்ரிக் விரிப்பு, மேலே காற்றுப் போகிற பருத்திப் போர்வை. ஈரம் உறிஞ்சும் குருணைப் பைகளைக் கமலாம்பிகையின் அடுப்பில் காயவைத்து இருக்கைகளின் மேல் பரப்புவார்கள், அந்த ஒரு நாள் அவளுக்குச் சமையல் கிடையாது. கடைசியாக ஓர் ஈரமானியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால், பங்குனி பிறக்கும்வரை கார் வெளியே வராது. காரணம், கவுன்சில் லொறிகள் பனிக்காக றோட்டில் உப்புக் கொட்டத் தொடங்கிவிடும். உப்புப் பட்ட றோட்டில் பழைய காரை இறக்குவதைவிட அதைக் கொளுத்திவிடலாம் என்பது பஸ்தியாம்பிள்ளையின் தீர்ப்பு.

போன வருடம் செப்டெம்பரில் தேவராசாவுக்கு நெஞ்சு வலி வந்தது. இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை காலைகளில் ஆஸ்பத்திரியில் இருதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சி வகுப்பு. மற்ற நாட்களில் நடக்கச் சொன்னார்கள். கராஜ்வரை நடந்துபோய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் உள்ளே போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்ப்பார்.

ஜனவரி இரண்டாவது ஞாயிறு அப்படித் தூக்கியபோதுதான் கண்டார். பின் சீட்டின் முன்னால், கால் வைக்கும் இடத்துக் கம்பளத்தில், இடது பக்கம் உள்ளங்கையளவு கறுத்துக் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். ஈரம்.

முதலில் கூரையை டோர்ச் அடித்துப் பார்த்தார், காய்ந்திருந்தது. போர்வை காய்ந்திருந்தது. கண்ணாடி றப்பர்கள், கதவு விளிம்புகள் எல்லாம் காய்ந்திருந்தன. மேலேயிருந்தும் வராத, பக்கத்தாலும் வராத தண்ணீர் காருக்குள் எப்படி வரும்? ஆள் கொண்டுவந்தால் வரும். நனைந்த சப்பாத்து, நனைந்த கோட். அவர் விரலை மோந்து பார்த்தார், பிறகு மெல்ல நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து தெருவெல்லாம் உப்பு. உப்புத் தண்ணீர் காருக்குள் கிடக்கிறதென்றால் யாரோ காரை றோட்டில் இறக்கியிருக்கிறார்கள்.

ஓடிய மைல் கணக்கைப் பார்த்தார். ஒக்டோபரில் குறித்துவைத்த எண்தான் அப்படியே நின்றது. வேறொருவர் என்றால் அந்த இடத்தில் நிம்மதியாக மூச்சு விட்டு வீட்டுக்குப் போயிருப்பார். தேவராசாவோ, மைல் கணக்கின் கேபிளைக் கழற்றிவிட்டு ஓடினால் எண் ஏறாதே என்று யோசித்தார். அந்தக் கேபிளைக் கழற்றத் தெரிந்தவர் யார்? குனிந்து சில்லுகளையும் அடிப்பக்கத்தையும் பார்த்தார், ஒரு சேற்றுப் புள்ளிகூட இல்லை. கழுவியிருக்கிறார். பற்றரி தன் வீட்டில் அல்லவா இருக்கிறது என்பதும் ஞாபகம் வந்தது. அப்படியென்றால் வேறு பற்றரி கொண்டுவந்திருக்கிறார். குற்றம் இல்லை என்பதற்கு எத்தனை அத்தாட்சி இருந்ததோ அத்தனையும் அவருக்குக் குற்றத்தின் அத்தாட்சியாகவே தெரிந்தது. மூளை நன்றாக வேலை செய்கிற ஆட்களுக்கு வருகிற வியாதி இது.

ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கராஜ் கதவின் அடியில் ஒரு கறுத்த நூலைக் குறுக்கே ஒட்டினார். தினமும் நடக்கப் போகும்போது பார்த்தார். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நூல் இருந்தது. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து பார்த்தபோது அறுந்திருந்தது. மறுபடி ஒட்டினார். அடுத்த கிழமையும் வெள்ளிக்கிழமையே அறுந்தது. வெள்ளிக்கிழமை காலையில்தான் பஸ்தியாம்பிள்ளை கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டுக்குக் கீரையும் லீக்ஸும் பார்க்கப் போவார். கராஜ் வரிசையைத் தாண்டித்தான் போகவேண்டும். தேவராசா வகுப்பில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும் நேரம் அது என்பதும் பஸ்தியாம்பிள்ளைக்குத் தெரியும்.

தேவராசாவுக்குக் கோபத்தைவிடக் கவலைதான் வந்தது. காரைக் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாரா? முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தில் ஒளித்துச் செய்யவேண்டிய தேவை என்ன? இருக்கிற ஒரே சிநேகிதரை இழக்கப் போகிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை, தொழிலில் பழகிய முறைப்படி, பஸ்தியாம்பிள்ளையின் மகன் றொனால்டுக்கு போன் எடுத்தார்.

"தம்பி, ஒரு சின்ன விசயம். அப்பா இந்த மாதத்திலை ஒருக்கா மொறிஸை வெளியிலை எடுத்தவரோ?"

"வின்ரர்லயா மாமா? அவர் தொடவே மாட்டாரே. வொய், கார்ல ஏதும் டமேஜோ?"

"ஒண்டுமில்லை. உள்ளுக்குத் தண்ணி கிடக்கு. ஆரோ வெள்ளிக்கிழமையளிலை கதவு திறக்கினம். மற்றத் திறப்பு அப்பாவிட்டைத்தானே இருக்கு, அதுதான் கேட்டனான்."

றொனால்ட், "நான் அவரிட்டக் கேக்கிறன் மாமா," என்றான். கேட்கவேண்டாம் என்று தேவராசா சொல்லவில்லை.

சனிக்கிழமை கராஜுக்கு வரச் சொன்னார். பஸ்தியாம்பிள்ளை வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை, வழக்கம்போல் காரின் முதுகில் தட்டவும் இல்லை.

"பஸ்தியண்ணை, உங்கடை திறப்பை ஒருக்காத் தாங்கோ. பூட்டு இறுகுது, மாத்தப்போறன்."

"பூட்டு நல்லாத்தானே திறக்குது."

"வெள்ளிக்கிழமையளிலையும் நல்லாத் திறக்குதோ?"

பஸ்தியாம்பிள்ளை அவரை நிமிர்ந்து பார்த்தார். "நான் உன்ரை காரை எடுக்கேல்லை, தேவா."

"அப்ப கதவு திறந்தது ஆர்?"

பஸ்தியாம்பிள்ளை வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் மூடிக்கொண்டார். குளிரில் விறைத்த விரல்களால் கோர்வையிலிருந்து திறப்பைக் கழற்ற நெடுநேரம் எடுத்தது. கழற்றியதைப் போர்வையின் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். வாய் திறந்து மூடிய அந்த முகத்தைத் தேவராசா பஸ்ஸில் ஆயிரம் தடவை கண்டிருக்கிறார். பிடிபட்டவனின் முகம் அது என்று முடிவு கட்டினார்.

அதற்குப் பிறகு கராஜின் இரண்டு திறப்பும் அவருடைய பைக்குள்ளேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் உள்ளே போகவும் மனம் வரவில்லை, வெளியில் நின்று நூலை மட்டும் பார்த்தார். நூல் ஒருநாளும் அறுபடவில்லை. பார்த்தாயா, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "பஸ்தியண்ணையைக் கனநாளாக் காணேல்லை," என்று கமலாம்பிகை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "அவருக்கு வேலை," என்றார். அவளும் மேலே கேட்கவில்லை. அவள் அப்படிக் கேட்காமல் விட்டதையும் அவர் கவனித்திருக்கலாம். கவனிக்கவில்லை.

பெப்ரவரி கடைசி ஞாயிறு போர்வையைத் தூக்கினார். இடது பக்கத்தில் உள்ளங்கையளவாக இருந்த ஈரம் வலது பக்கத்துக்கும் பரவியிருந்தது. கதவின் கீழ் விளிம்பால் வடிந்து, பிளாஸ்ரிக் விரிப்பில் செம்மண் நிறத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்தது.

திறப்புக்கு நகல் அடித்திருப்பாரோ என்பதுதான் முதலில் வந்த யோசனை. ஆனால் நூல்? மூன்று கிழமையாக ஒவ்வொரு நாளும் தன் கண்ணால் பார்த்த நூல். கதவு திறக்கப்படவில்லை, யாரும் வரவில்லை, ஆனால் ஈரம் மட்டும் வளர்ந்திருக்கிறது. சந்தேகப்பட ஆளே இல்லாமல் போய்விட்டது. இவ்வளவு நாளும் கள்ளனைத் தேடிய மனிதர் அன்றைக்குத்தான் காருக்குள் தேடினார்.

முழங்காலில் இருந்து, கம்பளத்தை உரித்து, ஈரம் எங்கேயிருந்து வருகிறதென்று விரலால் பிடித்துக்கொண்டு போனார். அது பின் சீட்டின் அடியிலிருந்து இறங்கியிருந்தது. அந்தக் காரின் பின் சீட்டு இரண்டு கையாலும் தூக்கினால் கழன்று வரும், ஒரு நிமிட வேலை. தூக்கினார். உள்ளே, மூலையில், தண்ணீரில் ஊறிய ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம். பிரித்தார். நாலு செத்தல் மிளகாய், கரைந்தது போக மிஞ்சிய நாலைந்து கல்லுப்பு, துணி மூலையில் முடிந்த ஒரு காசு. சுற்றிலும் தகரத்தின் பெயின்ற் கொப்பளித்து, பஸ்தியாம்பிள்ளை ஒட்டிய பொருத்து நெடுகத் துரு ஓடியிருந்தது. துணி கமலாம்பிகையின் பழைய மஞ்சள் சேலை. சென்ற தீபாவளிக்கு முன்தான் அதைக் கிழித்துத் துடைதுணியாக்கினாள்.

குளிர்கால ஈரக் காற்றில் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. சமையலறை உப்புப் போத்தலே அதற்குச் சாட்சி.

பொட்டலத்தைக் கொண்டுவந்து குசினி மேசையில் பேப்பர் விரித்து வைத்தார். கமலாம்பிகை அதைப் பார்த்தாள். திடுக்கிடவில்லை, அடுப்பை மட்டும் அணைத்தாள்.

"தேருக்குப் போனது ஞாபகம் இருக்கோ?" என்றாள். ஓகஸ்ட் மாதம் வெஸ்ட் ஈலிங் துர்க்கை அம்மன் கோயில் தேருக்கு மொறிஸில் போய் இறங்கியிருந்தார்கள். கூட்டம் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தது. "ஒரு மனுசி சொன்னவ, இந்த வயசிலையும் இவர் காருக்குள்ளை மாப்பிள்ளை மாதிரி இருக்கிறார் எண்டு. அது நடந்து பத்தொன்பதாம் நாள் உங்களை அம்புலன்சிலை ஏத்தினது."

"கண்ணூறோ? அதுக்கு ஆரும் காருக்குள்ளை உப்பு வைப்பினமோ?"

"நான் காருக்கு வைக்கேல்லை. அதுக்குள்ளை ஏறி இருக்கிற ஆளுக்கு வைச்சனான்."

தேவராசா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் விட்டிருப்பீங்களோ? ஆர் சொன்னது, எந்தக் கடை உப்பு, எத்தினை நாளைக்கு எண்டு விசாரணை வைச்சிருப்பீங்கள். அதுதான், நீங்கள் வகுப்புக்குப் போற வெள்ளிக்கிழமையளிலை பஸ்தியண்ணையிட்டைத் திறப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பழசை எடுத்துப்போட்டுப் புதுசு வைச்சனான். பிறகு நீங்கள் திறப்பை வாங்கிப்போட்டீங்கள் எண்டார். கடைசியா வைச்சதை எடுக்க ஏலாமல் போட்டுது."

"உப்பெண்டு அவருக்குத் தெரியுமோ?"

"இல்லை. சாமிக் காரியம், உங்களுக்கும் சொல்லக் கூடாது எண்டு மட்டும் சொன்னனான். மாதா மேலை சத்தியம், வாய் திறக்கமாட்டன் எண்டவர்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏன், நீங்கள் அவருக்கு என்ன சொன்னனீங்கள்?"

மனைவி மேல் கோபம் வந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. வெட்கம்தான் வந்தது, தலையிலிருந்து கால்வரை.

திங்கட்கிழமை காலையில் இரண்டாவது திறப்பையும் எடுத்துக்கொண்டு மேனர் பார்க்குக்கு நடந்தார். பியற்றிஸ் கதவைத் திறந்து, உள்ளே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். பஸ்தியாம்பிள்ளை மேசையில் தக்காளி விதைப் பக்கெற்றுகளைப் பரப்பி வைத்திருந்தார். தேவராசா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"உப்போ," என்றார் பஸ்தியாம்பிள்ளை. கண்ணை மூடித் திறந்தார். "எத்தினை மாசம்?"

"நாலு."

"தகரம் ஓட்டை விழுந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை. கொப்பளிச்சிருக்கு. பொருத்து நெடுகக் கறள்."

"அப்ப காப்பாத்தலாம். சுரண்டி, மருந்தடிச்சு, திருப்பி பெயின்ற் அடிக்கவேணும். சனிக்கிழமை வாறன்."

தேவராசாவுக்கு மூச்சு வந்தது. அவ்வளவுதானா, இவ்வளவு இலேசாகவா முடிந்துவிட்டது? திறப்பை மேசையில் வைத்தார். "பஸ்தியண்ணை, நான் பெரிய பிழை விட்டிட்டன்."

பஸ்தியாம்பிள்ளை விதைப் பக்கெற்றுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். "நீ என்னைச் சந்தேகப்பட்டது எனக்குப் பெரிசில்லை. நீ அந்தோனியாரையும் சந்தேகப்படுவாய், உன்ரை சுபாவம் அது. என்னட்டை நேர வந்து கேட்டிருந்தால் ரெண்டு பேச்சுப் பேசிப்போட்டு விட்டிருப்பன். நீ என்ரை பெடியனிட்டைக் கேட்டாய்."

தேவராசா தலையைக் குனிந்தார்.

"அவன் வந்து கேட்டான், அப்பா, மாமாக்குத் தெரியாம அவற்றை காரை எடுத்தனீங்களோ எண்டு. இல்லையெண்டு சொன்னன். அப்ப கதவு திறந்தது ஆர் எண்டான். அதுக்கு என்னாலை மறுமொழி சொல்ல ஏலாது, கமலாவுக்குச் சத்தியம் செய்து குடுத்திட்டன். ஓகே அப்பா எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போனான். அந்த ஓகேயை நீ கேட்டிருக்கவேணும், தேவா."

"நான் அவனிட்டைச் சொல்லுறன். இண்டைக்கே சொல்லுறன்."

"சொல்லு. நான் சொல்லி நம்பாததை நீ சொன்னால் நம்புவான்." பஸ்தியாம்பிள்ளை திறப்பை ஒரு விரலால் மேசைக்குக் குறுக்கே தள்ளினார். "இது எனக்கு வேண்டாம். நீ கராஜிலை நிக்கேக்கை கூப்பிடு, வாறன்."

பியற்றிஸ் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். தேவராசா சூடு ஆறும் முன்பே குடித்துவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் றொனால்டுக்கு போன் எடுத்து, உப்பையும் நூலையும் தன் முட்டாள்தனத்தையும் ஒன்றும் விடாமல் சொன்னார். றொனால்ட் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "தாங்க்ஸ் மாமா," என்றான். அந்தக் குரலில் இனி மாமா என்பதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை என்பது அவருக்குக் கேட்டது.

சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. தேவராசா ஒரு மணித்தியாலம் முந்தியே போய்க் கராஜைத் திறந்து, பின் சீட்டைக் கழற்றி, கம்பளத்தை எல்லாம் எடுத்து, பற்றரி விளக்கைக் கொளுவித் தயாராக வைத்திருந்தார். பஸ்தியாம்பிள்ளை சொன்ன நேரத்துக்கு வந்தார். கையில் சுரண்டும் கம்பித் தூரிகையும் மருந்துத் தகரமும் இருந்தன. இத்தனை வருடமும் வெளியில் வரும்போதே எதையாவது ஏசிக்கொண்டு, நேரே உள்ளே வந்து, தேவராசாவைத் தள்ளிவிட்டுக் காருக்கடியில் படுக்கிறவர், இப்போது கதவுக் கோட்டுக்கு வெளியே தூறலில் நின்றார்.

"உள்ளுக்கு வரட்டோ, தேவா?"

தேவராசா தலையை ஆட்டினார். பஸ்தியாம்பிள்ளை சப்பாத்தை வாசலில் நன்றாகத் துடைத்துவிட்டு வந்தார். காரின் கதவுக்குப் பக்கத்தில் போய், மருந்துத் தகரத்தைக் கீழே வைத்து, தூரிகையைக் கக்கத்தில் இடுக்கிக் கையைக் கட்டிக்கொண்டு, தேவராசா வந்து அதைத் திறந்துவிடும்வரை காத்து நின்றார்.